ஒத்தை ஆளுக்கு ஒன்றாம் நம்பர்

அந்த மனிதரின் வேலை போனதற்கு நான்தான் காரணம். ஃபுல்ஸ்கேப் தாளில், மார்ஜின் விட்டு, நான்கு பக்கம் எழுதி, தேனியிலிருந்த ஓட்டல் முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அன்றைக்கு எனக்கிருந்த கோபத்துக்கு நாற்பது பக்கம்கூடப் போதாது. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அவருக்குப் பெயர் உண்டு. சொல்லப்போவதில்லை. ஒருமுறை அவர் பெயரை எழுதி நான் செய்த காரியம் போதும். மலையில் எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படியே இருக்கட்டும்.

சின்னமனூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்தால், இடுப்பெலும்பைக் கழற்றி மாட்டுகிற குலுக்கல் குலுக்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு டேம் பக்கத்தில் இறக்கிவிடும். வெளியூர்க்காரர்கள் அதை ஏரி என்பார்கள். எங்களுக்கு டேம். அதன் கரையில், ஒரு பக்கம் தண்ணீரும் மூன்று பக்கம் தேயிலையுமாக, ஆறே ஆறு ரூம் உள்ள ஓட்டல். அக்கம்பக்கம் என்று பார்த்தால் அரை மைல் தள்ளித் தேயிலை ஃபேக்டரி, அவ்வளவுதான். கீழே சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் முதலாளி வைத்திருந்த போர்டில் 'ஏரிக்கரையில் அமைதியான தங்குமிடம்' என்று எழுதியிருந்தது. ஏரி இருந்தது, தங்குமிடமும் இருந்தது. அமைதிக்குத்தான் மேனேஜர் வழிவிட மாட்டார்.

நான் தேனியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். ஃபேக்டரி மோட்டார்களைப் பார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேலே போய் இரண்டு மூன்று நாள் தங்கவேண்டும். தொண்ணூற்றெட்டில் முதல் தடவை போனபோது எனக்கு வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, கையில் ஒரு ரெக்சின் பை. மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது தாண்டிய ஆள், கடமலைக்குண்டுக்காரர், சித்திரை மாதத்திலும் கழற்றாத மெரூன் ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய துண்டு. நான் ரிஜிஸ்டரில் பேர் எழுதி முடிப்பதற்குள் ஊர், தெரு, அப்பா பேர், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர், எங்கள் பட்டறை போன் நம்பர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். அது பரவாயில்லை, எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரே இவ்வளவு கேட்பார். அடுத்து கேட்டதுதான் விசித்திரம்.

"நாளைக்குக் காலையில டிபனுக்கு என்ன வேணும் சார்?"

அப்போது சாயங்காலம் நாலு மணி. பஸ் குலுக்கலில் எனக்கு மண்டை காய்ந்து போயிருந்தது. ஏதாவது போதும்ணே என்றேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் செய்த தப்பை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன்தான் பிறகு விளக்கினார். கீழே பல லாட்ஜ்களில் தனியாக வரும் ஆளுக்கு ரூம் கொடுக்க யோசிப்பார்கள். உள்ளே போய் ஏதாவது செய்துகொண்டால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் யார் அலைவது என்ற பயம். ஃபேமிலியா சார் என்று கேட்டு, இல்லை என்றால் ரூம் காலி இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் மேனேஜர் அனுப்ப மாட்டார், கொடுப்பார். கொடுத்துவிட்டு, அந்த ஆள் சாகத்தான் வந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, அவன் திரும்பி பஸ் ஏறும்வரை காவல் காப்பார். நாளைக்கு நெய்த்தோசை வேண்டும், ஓரம் முறுகலாக வேண்டும் என்று கறாராகக் கேட்கிறவனை ஓரளவு நம்பலாம், ஏதாவது போதும் என்கிறவனுக்கு நாளை என்று ஒன்று இருப்பதாகவே நினைப்பில்லை என்பது அவர் சித்தாந்தம். அந்த ஒரு வார்த்தையால் நான் அவருடைய காவலுக்குள் விழுந்தேன். ஆறு வருடம் வெளியே வரவில்லை.

ஒத்தை ஆள் என்றால் ஒன்றாம் நம்பர் ரூம். மற்ற ஐந்து ரூமுக்கும் ஜன்னல் டேமைப் பார்த்து இருக்கும். ஒன்றாம் நம்பர் ஜன்னல் மேனேஜரின் மேஜையைப் பார்த்து இருக்கும். உள்தாழ்ப்பாள் கிடையாது, அது இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும். மற்ற ரூமெல்லாம் காலியாகக் கிடந்தாலும் எனக்கு அதுதான். ஜன்னலைத் திறந்தால் ஸ்வெட்டர் தெரியும். டீ வேணுமா, போர்வை பத்துதா, ரேடியோவில் நியூஸ் சொல்றான் வாறீகளா என்று ஏதாவது ஒன்று. பாத்ரூமில் ஐந்து நிமிடம் தாண்டினால் வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார், பதில் சொல்லியே ஆகவேண்டும். தலையெல்லாம் சோப்பு நுரையோடு, வைகை டேமில் தண்ணீர் எத்தனை அடி என்று கதவு வழியாகக் கத்திச் சொன்ன மனிதன் நான்.

டேமுக்கு இறங்கும் பின்வாசலில் பூட்டுப் போட்டிருப்பார். ரொம்பக் கேட்டால் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வருவார், தண்ணீருக்கும் நமக்கும் நடுவில் நடப்பார். "அங்கன என்ன சார் அப்படிப் பாக்குறீக? தண்ணி நேத்து மாதிரியேதான் கெடக்கு" என்பார். தண்ணீரைக் காட்டித்தான் முதலாளி ஆட்களை வரவழைத்தார். வந்தவன் தண்ணீரைப் பார்த்தால் மேனேஜர் குடையை விரித்து மறைப்பார்.

ஜோடியாக வந்தவர்கள்மேல் அவருக்குத் துளி அக்கறை இருக்காது. கல்யாணமான புதிதில் வந்து மூன்று நாளும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சண்டை போட்ட ஒரு கம்பத்து ஜோடி ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு மத்தியானம் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ரோடு வழியாக விறுவிறுவென்று டேமைப் பார்க்க நடந்தாள். நான் பதறிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். புருசன் பின்னாடியே போறாருல்ல, ரெண்டு பேருன்னா பயமில்ல சார் என்று சொல்லிவிட்டு, எனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினார்.

போலீசைக்கூட அவர் விட்டதில்லை. லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்த ஒரு இன்ஸ்பெக்டரை ஒன்றாம் நம்பரில் போட்டாராம். தாழ்ப்பாள் எங்கேய்யா என்று அவர் கத்தியதற்கு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாரே தவிர தாழ்ப்பாள் வைக்கவில்லை. போலீசுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல சார் என்றாராம். கிளம்புகிற அன்று இன்ஸ்பெக்டர் அவரோடு அரைமணி நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறியதாகச் சமையல்காரர் சொன்னார். நான் நம்பவில்லை. சமையல்காரர் உப்புப் போட்டேன் என்று சொன்னாலே நம்ப முடியாத ஆள்.

ஆனால் காலேஜ் வாத்தியார் விஷயம் நான் கண்ணால் பார்த்தது. மதுரைப் பக்கமிருந்து வந்தவர், கவிதை எழுதுவார். ஒன்றாம் நம்பரில் நான் இருந்ததால் அவருக்கு இரண்டாம் நம்பர் போயிற்று. டேம் தெரிகிற ரூமில் ஒரு ஒத்தை ஆள் என்பதிலேயே மேனேஜருக்குப் பாதி உயிர் போய்விட்டது. வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதி எழுதிக் கசக்கிப் போட்டார். மேனேஜர் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, தாள்களை நீவி, மேஜைமேல் வரிசையாக வைத்துப் படித்தார். ஒன்றில் அக்கரை, ஒன்றில் இருட்டு, இன்னொன்றில் விடைபெறுதல். இது கவிதை அண்ணே, இப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஓட்டல் போன் வருடத்தில் பாதி நாள் ஊமை என்பதால் ஃபேக்டரிக்கு ஓடிப்போய், ரிஜிஸ்டரில் இருந்த வீட்டு நம்பருக்கு போன் போட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வேனில் வாத்தியாரின் மனைவி, மாமனார், மூன்று மச்சினன்கள் வந்து இறங்கினார்கள். வாத்தியார் வீட்டில் சொல்லிவிட்டு வந்தது திருநெல்வேலியில் விடைத்தாள் திருத்தும் வேலை என்று. பிறகு நடந்ததை நான் எழுதவேண்டியதில்லை. வேன் கிளம்பியதும் மேனேஜர் நெஞ்சில் கைவைத்து, ஒரு உசுரக் காப்பாத்தியாச்சு சார் என்றார். வேனில் ஏறும்போது வாத்தியாரின் முகத்தைப் பார்த்த எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை.

வாத்தியார் சும்மா இருப்பாரா? முதலாளியை போனில் வறுத்தெடுத்துவிட்டார். முதலாளி ஜீப் போட்டுக்கொண்டு மேலே வந்து, என் கண்முன்னாலேயே சத்தம் போட்டார். மழைக்காலத்தில் தனி ஆட்களை நம்பித்தான் ஓட்டல் ஓடுகிறது, அவர்களையும் இப்படித் துரத்தினால் எப்படி என்றார். இனி எவராவது எழுத்தில் ஒரே ஒரு புகார் கொடுத்தாலும் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு கடமலைக்குண்டுக்கு நடையைக் கட்டவேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். மேனேஜருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் நர்சிங் சேர்ந்திருந்தாள். அந்த வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்? முதலாளி சொன்னதற்கெல்லாம் பவ்யமாகத் தலையாட்டினார். ஜீப் வளைவில் திரும்பியதும் நேராக என் ஜன்னலுக்கு வந்து, சாப்பிட்டீகளா சார் என்று கேட்டார்.

ஆகவே ஒரு கடிதம் எழுதினால் அந்த மனிதரின் பிழைப்பு போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஐப்பசி அடைமழையில் எனக்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாள் எழுந்திரிக்க முடியவில்லை. அவர்தான் கஞ்சி ஊற்றினார், நெற்றியில் துணி நனைத்துப் போட்டார், ஃபேக்டரி டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிவந்தார். அந்த நான்கு நாளும் அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. காய்ச்சல்ல கெடக்குறவுகளப் பாத்தா எனக்கு நிம்மதி சார், எந்திரிச்சு எங்கயும் போக மாட்டாக என்றார். இந்த மனிதரிடம் அன்பாக இருப்பதா, தலையணையை எடுத்து எறிவதா என்று தெரியாமல் கஞ்சியைக் குடித்தேன்.

இரண்டாயிரத்து நாலில், முப்பத்தெட்டு வயதில், எனக்கு ஒரு பெண் அமைந்தது. குச்சனூர்க்காரி, தையல் தெரிந்தவள். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, அடுத்த பஸ் நாலே முக்காலுக்குத்தான், வெயிலில் நிற்க வேண்டாம் என்றாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். பூ வைக்க நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஃபேக்டரி வேலை வந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். பழக்கமில்லாத சந்தோஷம் என்பதால் பசி எடுக்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். சாம்பார் எப்படி என்று கேட்டால் நன்றாயிருக்கிறது என்றேன். வெந்நீர் வரவில்லையே சார் என்றால், பரவாயில்லைண்ணே என்றேன். ஜன்னலில் வந்து பேச்சுக் கொடுத்தால் சிரித்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஃபேக்டரிப் பாதை வழியாகக் கரையில் இறங்கி, நாலே முக்கால் பஸ்ஸை நினைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றேன். மூன்றாம் நாள் காலையில் மேனேஜர் போன் போட ஓடிவிட்டார்.

அவர் பட்டறைக்குச் சொல்ல, பட்டறையிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு என் அக்கா வீட்டுக்குச் சொல்ல, மத்தியானம் வாடகை ஜீப் ஒன்று மேலே வந்துவிட்டது. நான் ஃபேக்டரியில் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கைவரை கிரீஸோடு உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் அக்காவின் அழுகைச் சத்தம். தேயிலை பறிக்கிற பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, எங்கள விட்டுட்டுப் போக ஒனக்கு எப்படிலே மனசு வந்துச்சு?"

நான் எங்கும் போகவில்லை, பேரிங் மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மச்சான் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். மேனேஜர் கூடவே ஓடிவந்து, ஒத்தையில விட்றாதீக என்று அக்காவிடம் மூன்று தடவை சொன்னார்.

செய்தி அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கீழே இறங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் தரகர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மாப்பிள்ளை டேமில் விழப்போனாராமே, அக்கா வந்து இழுத்துக் கரையேற்றினார்களாமே என்று பெண் வீட்டில் கேட்கிறார்களாம். என்னைக் கட்டப் பிடிக்காமல்தான் விழப்போனாரா என்று அந்தப் பெண் அழுததாம். சனீஸ்வரன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்கள், என்னைப் பிடித்திருந்த சனியைக் கண்டு பயந்துவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது. யார் போய் விளக்கியும் ஒட்டவில்லை.

அன்றைக்கே ஃபுல்ஸ்கேப் தாள் வாங்கினேன். கல்யாணம் நின்றுபோனதை முதலாளிக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால் ஆறு வருடக் குறைகளைத் தோண்டியெடுத்து எழுதினேன். ஒன்றாம் நம்பர் கட்டிலில் ஒரு கால் குட்டை. போர்வையில் அந்துருண்டை வாடை. சாம்பாரில் உப்பு ஒருநாள் கூட, ஒருநாள் குறைய, சரியாக இருந்த நாள் கிடையாது. ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஜன்னலில் டேம் தெரியவில்லை, குளிக்கும்போதும் பேசவேண்டியிருக்கிறது. மெரூன் ஸ்வெட்டர் துவைக்கப்படுவதில்லை. அவருடைய பெயரை இரண்டு இடத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அடுத்த தடவை மலையேறியது, அவர் இந்நேரம் போயிருப்பார் என்ற தைரியத்தில்தான். போகவில்லை. மாற்று ஆள் கிடைக்க முதலாளிக்கு இத்தனை நாள் ஆகியிருந்தது. அன்றுதான் புது மேனேஜர் உள்ளே சார்ஜ் எடுத்துக்கொண்டிருந்தார். பழையவர் மத்தியான பஸ்ஸுக்காகத் தகரப் பெட்டியோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் என் கடிதம். காரணம் தெரிந்துகொண்டு போகட்டும் என்று முதலாளி அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

எனக்கு வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிடலாமா என்றிருந்தது. அவர் வாங்க சார் என்று நகர்ந்து இடம் விட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் நானும் என் பங்குக்கு நாலு கேட்டுவிடலாம். அவரோ தாளைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகையில் பேர் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போனார். கட்டில் கால், போர்வை, உப்பு.

"இம்புட்டையும் கவனிச்சு வச்சிருக்கீகளே சார்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். உங்கள் வேலை இதனால்தான் போயிற்று, தெரியுமில்லையா என்று கேட்டேவிட்டேன்.

"அது போனாப் போகுது சார். முன்னால கம்பத்துல ஒரு லாட்ஜுல இருந்தேன். ஒருத்தர் வந்தாக, ஒத்தை ஆளு. நாலு நாளு இருந்தாக. பைப்புல தண்ணி வரலைங்கன்னேன், பரவாயில்லன்னாக. போர்வை கிழிசலு, அதுக்கென்னன்னாக. எதக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சிரிச்சாக. இப்படி ஒரு தங்கமான ஆளு வந்ததில்லன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

நிறுத்திவிட்டு டேமைப் பார்த்தார். ஐந்தாம் நாள் கதவை உடைத்தது அவர்தானாம். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க வந்த நாள்லருந்து மொணங்கிக்கிட்டேதான் இருப்பீக. எனக்கு அதுல ஒரு தெம்பு. போன தடவ எல்லாம் நல்லாருக்குன்னு சிரிச்சீக பாருங்க, ஈரக்கொல ஆடிப்போச்சு." கடிதத்தை மடித்தார். "இத வாசிச்ச பிறகுதான் சார் எனக்கு உசுரு வந்துச்சு. உப்பு சரியில்லன்னு இம்புட்டு எழுதுறவுக எங்கயும் போக மாட்டாக."

குச்சனூர்க் கதை எனக்கு வாய்வரை வந்துவிட்டது. நீ காப்பாற்றிய லட்சணத்தில் என் கல்யாணம் போயிற்று ஐயா என்று மூஞ்சிக்கு நேரே கேட்டிருக்கலாம், கேட்க எனக்கு நியாயமும் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. அவருக்குத் தெரியாமலே போகட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

இந்த லெட்டர நானே வச்சுக்கிறட்டுமா சார் என்று கேட்டார். தலையாட்டினேன். ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பஸ் வந்தது, பெட்டியை நான்தான் ஏற்றிவிட்டேன். மன்னிப்பு என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. என் உயிருக்காக இவ்வளவு பயந்த ஒரு மனிதரைக் கைப்பட எழுதி விரட்டிவிட்டேனே என்று, பஸ் போனபிறகு, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டாயிரத்துப் பத்துவரை அங்கேதான் போய்த் தங்கினேன். கல்யாணம் அமையவில்லை, ஒத்தை ஆள்தான். புது மேனேஜர் மரியாதையான மனிதர். டேம் தெரிகிற நாலாம் நம்பர் ரூம் கொடுப்பார், தாழ்ப்பாள் உண்டு. கதவைத் தட்ட மாட்டார், சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டார், தண்ணீர்ப் பக்கம் போனால் திரும்பிப் பார்க்க மாட்டார். கிளம்புகிற அன்று மட்டும் ஒரு நோட்டை நீட்டி, குறை ஏதாவது இருந்தால் எழுதுங்கள் சார் என்பார். ஆறு வருடத்தில் அந்த நோட்டில் நான் ஒரு குறையும் எழுதியதில்லை.